மலைக்கோட்டையும் களஞ்சியமும்: திருச்சிராப்பள்ளி பற்றியதொரு வரலாற்று நோக்கு

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே ஏறத்தாழ 273 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறையை அவ்வூர் மக்கள் 'மலைக்கோட்டை' என்றே வழங்குகின்றனர். ஆயினும் அங்கு செல்வோர் இன்று காண்பது கோயில்களையே. அடிவாரத்திலே மாணிக்க விநாயகர், இடையிலே தாயுமானவர், உச்சியிலே பிள்ளையார் என வழிபாட்டிடங்கள் படிப்படியாக அமைந்துள்ளன. படியேறுவோரில் பெரும்பாலோர் பிள்ளையாரைத் தரிசித்து, சிறிது நேரம் காற்று வாங்கி, இறங்கிவிடுகின்றனர். கோட்டை என்னும் சொல் எஞ்சியிருக்க, கோட்டையோ கண்ணுக்கு மறைந்துவிட்டது.

அது மறைந்துபோன காரணத்தினாலேயே அதன் வரலாற்றை நாம் தவறாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. உயர்ந்த பாறை, அதைச் சுற்றி மதில், மதிலைச் சுற்றி அகழி. இத்தகைய இடத்தை வைத்திருந்தவன் நாட்டை வைத்திருந்தான் என்று முடிவு கட்டுவது எளிது. எமது பாடநூல்களிலே கர்நாடகப் போர்கள் பற்றி வரும் இரண்டொரு பக்கங்களும் அவ்வாறான எண்ணத்தையே தோற்றுவிக்கின்றன. ஆனால் 1736 ஆம் ஆண்டளவிலிருந்து 1801 ஆம் ஆண்டு வரை இக்கோட்டை கைமாறிய வரலாற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்குமிடத்து வியப்பான ஓர் உண்மை புலனாகின்றது. ஒருதடவையேனும் எவரும் மதிலேறி இதனைக் கைப்பற்றவில்லை. சத்தியம் செய்து பெற்றனர். பட்டினி போட்டுப் பெற்றனர். பேரம் பேசிப் பெற்றனர். ஈற்றிலே உடன்படிக்கை எழுதிப் பெற்றனர். மலையின் உயரம் என்னதான் பயன் தந்தது என்ற வினா இதனால் எழுகின்றது.

அப்பயனை முதன்முதலில் கல்லிலே எழுதி வைத்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அவன் குடைவித்த குகைக்கோயில் உச்சிக்குச் செல்லும் வழியிலே உள்ளது. கடந்த விடுமுறையின்போது நான் அங்கு சென்ற வேளையிலே என்னைக் கடந்து ஏறிய நூற்றுக்கணக்கானோரில் ஒருவராவது அப்பக்கம் திரும்பியதை நான் காணவில்லை. உள்ளே கங்காதரர் சிற்பம். சடையிலே கங்கையை ஏந்தி நிற்கும் அக்கோலத்தின் இரு மருங்கும் உள்ள தூண்களிலே வடமொழிச் செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் கருத்து மிகவும் சுவையானது. தரையிலே உள்ள ஒரு கோயிலில் நின்றுகொண்டு சோழரின் வளத்தையும் காவிரி ஆற்றையும் நான் எவ்வாறு காண்பேன் என்று சிவபெருமான் வினவ, மன்னன் முகிலைத் தொடும் இம்மலைக் கோயிலை அவனுக்கு அளித்தான் என்பது அச்செய்யுள் கூறும் செய்தி. பிறிதொரு செய்யுள், ஆறுகளின்மீது பெருமான் கொண்ட விருப்பை அறிந்த உமையம்மை, காவிரியையும் அவன் நயந்துவிடுவானோ என அஞ்சி, அந்நதி பல்லவனின் காதலி எனச் சொல்லிக்கொண்டு இம்மலையிலேயே தங்கிவிட்டாள் என்கிறது.

புலவனின் கற்பனை என இதனை ஒதுக்கிவிடலாகாது. சோழநாட்டின் வளத்தை மேலிருந்து பார்க்கும் உரிமை இறைவனுக்கு வழங்கப்படுகின்றது. வழங்குபவனோ காஞ்சியிலிருந்து வந்த பல்லவன். காவிரியைப் 'பல்லவனின் காதலி' என்று சொல்லுவதிலே அரசியல் இல்லாமல் இல்லை. இம்மலை அந்நாள் முதலே பார்ப்பதற்குரிய இடமாக விளங்கியது என்பதும், பார்ப்பது உரிமை கொள்வதன் அடையாளமாகக் கருதப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. அடிவாரத்தை ஒட்டிய கீழ்க்குகை பிற்பட்டது. பாண்டியர் காலத்தது என்பர். சிராப்பள்ளி மேவிய பெருமானைச் சம்பந்தரும் பாடியுள்ளார்.

குகையைக் கடந்தபின் படிகள் திறந்த பாறையிலே செல்கின்றன. நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் அவ்விடத்தைக் கடப்பது எளிதன்று. ஆயினும் மேலே நின்று பார்க்கும்போது நூல்களிலே படித்துக் குழம்பிய போர்களின் நிலவியல் ஒரே பார்வையில் விளங்கிவிடுகின்றது. வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவானைக்காவையும் ஸ்ரீரங்கத்தையும் தாங்கிய நீண்ட தீவு, தீவின் மறுகரையைத் தழுவிச் செல்லும் கொள்ளிடம், அதற்கும் வடக்கே சமயபுரத்துத் திசை. தென்னைகளுக்கு மேலே எழும் ஸ்ரீரங்கத்து இராசகோபுரம் 1987 இலே நிறைவெய்தியதாதலின் பழைய போர்வீரர் எவரும் அதனைக் கண்டிருக்கமாட்டார். தென்கிழக்கே பொன்மலை. இன்று புகையிரதத் தொழிற்சாலையால் அறியப்படும் அவ்விடத்திலேதான் 1753 இலே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினர். சுற்றிலும் வயல்கள் இருந்திருக்கவேண்டிய இடமெல்லாம் இப்போது கூரைகள்.

கோட்டை நாயக்கரின் ஆக்கம். தஞ்சை நாயக்கருக்கு வல்லத்தைக் கொடுத்துத் திருச்சிராப்பள்ளியை மாற்றாகப் பெற்று, மதுரை விசுவநாத நாயக்கர் பதினாறாம் நூற்றாண்டிலே இதனை அரண் செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே சொக்கநாத நாயக்கர் தலைநகரையே மதுரையிலிருந்து இங்கு மாற்றினார். பதினெட்டாம் நூற்றாண்டிலே இவ்வூர்ப் போர்களின் வரலாற்றை எழுதிய ரொபேட் ஓர்ம் தரும் கணக்கின்படி, மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 4 மைல். வெளிமதில் 18 அடி, உள்மதில் 30 அடி உயரம். பாறை இவ்வரணின் உள்ளே, நகரின் வீடுகளுக்கு மத்தியிலே நின்றது. ஆகவே மலைமேற் கோட்டை என்பதிலும் மலையை உள்ளடக்கிய நகரக்கோட்டை என்று சொல்வதே பொருந்தும். இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. மலைமேற் கோட்டையிலே காப்பாற்றவேண்டியவர்கள் படைவீரர் மாத்திரமே. நகரக்கோட்டையிலோ பல்லாயிரம் குடிமக்களுக்கும் நாள்தோறும் சோறு வேண்டும்.

விசயரங்க சொக்கநாதர் 1732 இலே மகப்பேறின்றி இறந்தார். அவருடைய அரசி மீனாட்சி ஆட்சியை ஏற்றாள். உறவினன் ஒருவன் உரிமை கோரி எழுந்தான். இரு சாராரும் ஆற்காட்டு நவாபின் ஆட்களை நாடினர். நவாபின் மருமகனான சந்தா சாகிப் அரசிக்குப் பாதுகாப்பளிப்பதாகத் திருக்குர்ஆனின்மீது ஆணையிட்டான் என்றும், துணியிலே சுற்றியிருந்தது வெறும் செங்கல் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. செங்கற் கதை உண்மையோ அன்றோ, கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது என்பது உண்மை. நம்பியவள் சிறைப்பட்டாள், நஞ்சுண்டு மடிந்தாள். நாயக்கர் அரசு அவளுடன் முடிந்தது. தாயுமான சுவாமிகள் இவ்வரசவையிலே பெருங்கணக்கராக இருந்து துறவு பூண்டவர் என்பது மரபு. அரசின் கணக்கை நெருங்கி அறிந்த ஒருவர் அதனை விட்டகன்றார் என்பதை இவ்விடத்திலே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இலங்கை மாணவர் இங்கு ஒரு காலப் பொருத்தத்தை அவதானிக்கலாம். கண்டியரசர் மதுரைப் பக்கத்திலிருந்து பெண்கொண்டு வந்தனர் என்பது தெரிந்ததே. 1739 இலே நரேந்திரசிங்கன் வாரிசின்றி இறந்தபோது, அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விசயராசசிங்கன் என்ற பெயருடன் கண்டியிலே முடிசூடினான். தாய்நாட்டிலே நாயக்கர் ஆட்சி அவிந்த அதே காலத்தில் கண்டி மலைகளிலே ஒரு நாயக்கர் வழி தொடங்குகின்றது. அவ்வழி 1815 வரை நீடித்தது.

சந்தா சாகிப்பின் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. ரகோஜி போன்ஸ்லேயின் தலைமையிலே வந்த மராத்தியர் நகரைச் சூழ்ந்தனர். உதவிப் படையுடனும் உணவுடனும் வந்த சந்தா சாகிப்பின் சகோதரன் வழியிலேயே மடிந்தான். நகருக்குள் உணவும் பணமும் தீர்ந்தன. 1741 மார்ச்சிலே கோட்டை சரணடைந்தது. அதைக் கொண்டவன் கைதியாகச் சதாராவுக்குச் சென்றான். 1743 இலே நிசாமின் பெரும்படை வந்தபோது மராத்தியத் தளபதி முராரி ராவ் பேச்சுவார்த்தையின்பின் வெளியேறினான். இதனைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இனி வருவதே உலக வரலாற்றோடு இம்மலையைப் பிணைத்த கட்டம். 1749 இலே ஆம்பூர்ப் போரிலே நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவன் மகன் முகமது அலி தப்பியோடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலே புகுந்தான். விடுதலை பெற்று மீண்ட சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்சின் துணை. முகமது அலிக்கு ஆங்கிலக் கொம்பனியின் துணை. 1751 இலே முற்றுகை தொடங்கியது. முற்றுகையைத் தளர்த்துவதற்காக ரொபேட் கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்று ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் அதனைக் காத்த கதை பலரும் அறிந்தது. ஆற்காட்டைத் தாக்கும் யோசனையே முகமது அலியிடமிருந்து பிறந்தது என வாதிக்கும் வரலாற்றாசிரியரும் உளர். ஆங்கிலப் பேரரசு பற்றிய நூல்கள் ஆற்காட்டுக்குக் கொடுக்கும் பக்கங்களிலே பாதியைத் தானும் திருச்சிக்குக் கொடுப்பதில்லை. வீரனொருவனின் புகழுக்கு ஆற்காடு வாய்ப்பாக இருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் போர் முடிந்தது ஆற்காட்டிலன்று. மலையுச்சியிலிருந்து நோக்கினால் தெரியும் அத்தீவிலேயே முடிந்தது.

1752 வசந்த காலத்திலே லோறன்சும் கிளைவும் படையுடன் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுத் தளபதி ஜாக் லோ (பிரான்சின் நிதிநிலையை நிலைகுலையச் செய்த ஜோன் லோவின் சகோதரன் மகன் இவன்) தென்கரை நிலைகளைக் கைவிட்டுத் தீவுக்குட் சென்றான். அவனுடைய படை திருவானைக்காவிலும் சந்தா சாகிப்பின் படை ஸ்ரீரங்கத்திலும் அரண் கொண்டன. கோயில்களின் பெருமதில்களை நம்பினர். ஆனால் கிளைவ் கொள்ளிடத்தின் வடகரையிலே சமயபுரத்தில் நிலைகொண்டு புதுச்சேரியிலிருந்து வரும் வழியை அடைத்தான். உணவோடும் படையோடும் உதவிக்கு வந்த டோத்தேய் வாலிகண்டபுரத்திலே பிடிபட்டான். பிறகு நாட்களை எண்ணுவதே லோவுக்கு எஞ்சியது. யூனிலே அவன் சரணடைந்தான். தஞ்சைத் தளபதியிடம் தன்னை ஒப்புவித்த சந்தா சாகிப்பின் தலை துண்டிக்கப்பட்டது. நகரைச் சூழ்ந்தவன் தானே சூழப்பட்டு அழிந்தான்.

மலை உச்சியின் உண்மையான பயன் அடுத்த முற்றுகையிலே தெரியவருகின்றது. மைசூரின் உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக முகமது அலி நஞ்சராசனுக்கு மறைவாக வாக்களித்திருந்தான். வென்றபின் கொடுக்க மறுத்தான். ஏமாந்த மைசூர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. 1753 தொடக்கம் 1754 வரை நகர் மீண்டும் முற்றுகைக்குள்ளாயிற்று. இக்காலத்திலே உச்சியிலே ஒரு மனிதன் தொலைநோக்காடியுடன் இடையறாது நிறுத்தப்பட்டிருந்தான் எனவும், எதிரியின் ஒவ்வோர் அசைவையும் சைகையாலும் எழுத்தாலும் அவன் அறிவித்தான் எனவும் லோறன்சின் போர்க்குறிப்பு கூறுகின்றது. காவிரியைக் காண்பதற்கெனச் சிவனுக்கு அமைத்த மலையிலே இப்போது கொம்பனியின் காவலாளி. அவனுடைய பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

பத்து மைல் தொலைவிலே எழும் புழுதியைக் காணவல்ல அக்கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவனுடைய காலடியிலேயே நடந்துகொண்டிருந்தது. கோட்டைக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த தளபதி டோல்ற்றன், களஞ்சியத்திலே போதிய தானியம் உண்டா எனக் கேட்டபோதெல்லாம் உண்டு என்ற விடையே கிடைத்தது. 1753 ஏப்ரல் அளவிலே அவன் நேரிற் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பொறுப்பாளனாக இருந்த முகமது அலியின் மைத்துனன் நெல்லை நல்ல விலைக்கு விற்றுவிட்டிருந்தான். எஞ்சியது சில வாரங்களுக்கே போதும். பஞ்சத்தைப் பயன்படுத்திப் பணம் செய்வோர் எக்காலத்திலும் உளர். ஆயினும் தான் அடைபட்டிருக்கும் கோட்டையின் நெல்லையே விற்றவன் என்ற வகையிலே இவனுக்கு ஒரு தனியிடம் உண்டு. செய்தி கிடைத்ததும் லோறன்ஸ் கரையோரத்திலிருந்து விரைந்து வரவேண்டியதாயிற்று. தென்னிந்தியப் போரின் போக்கையே ஒரு களஞ்சியக் கணக்கு மாற்றியது.

இதன்பின் நிகழ்ந்தவை எல்லாம், போர் என்ற பெயரிலே நடந்த உணவுப் போக்குவரத்தே. பொன்மலையிலும் அதனைச் சூழ்ந்த பாறைகளிலும் நடந்த மோதல்களின் நோக்கம், புதுக்கோட்டைத் தொண்டைமானின் காட்டுவழியாகவும் தஞ்சையிலிருந்தும் வரும் மாட்டுப் பொதிகளை நகருக்குட் சேர்ப்பது அல்லது தடுப்பது. இப்பொதிகளை வழிநடத்துவதிலே பெயர்பெற்றவன் யூசுப்கான். மருதநாயகம் என்று நாமறிந்த அவன்தான், பத்தாண்டு கழித்து 1764 இலே தன் எசமானர்களாலேயே மதுரையிலே தூக்கிலிடப்பட்டான். 1753 நவம்பரிலே ஓரிரவு பிரெஞ்சுக்காரர் உண்மையாகவே மதிலேறினர். வெளிமதிலைத் தாண்டியும்விட்டனர். ஆனால் கட்டளையை மீறிச் சிலர் துப்பாக்கி வெடிக்கவே, உறங்கிய காவற்படை விழித்துக்கொண்டது. ஏறியவர்களிலே நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். எமது காலப்பகுதியிலே மதிலேறிக் கைப்பற்றும் முயற்சி வெற்றிக்கு மிக நெருங்கிய தருணம் இதுவே.

குடிமக்களைப் பற்றி நூல்கள் சிறிதே பேசுகின்றன. விலை ஏற ஏற மக்கள் நகரைவிட்டு வெளியேறினர் என்று மட்டும் அறிகின்றோம். நவாபுகளையும் தளபதிகளையும் பெயர்சொல்லி அழைக்கும் குறிப்புகள், தலையிலே மூட்டையுடன் வாயிலைக் கடந்தவர்களை ஒரு வாக்கியத்திலே அனுப்பிவிடுகின்றன. அவர்கள் எத்திசைக்குச் சென்றனர், எத்தனை பேர் திரும்பினர் என்பவற்றை மேலே நின்ற காவலாளி ஒருகால் கண்டிருப்பான். அவனிடம் அதனை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். இடம்பெயர்வை நூலிலே படித்து அறியவேண்டிய தேவையில்லாத நாட்டிலிருந்து செல்வோர்க்கு, இவ்வெறுமை வெறுமனே சான்றின்மையாகத் தோன்றுவதில்லை. 1754 இலே டூப்ளெக்ஸ் திருப்பியழைக்கப்பட்டான், போர் ஓய்ந்தது. கோட்டை முகமது அலியின் பெயரிலும் கொம்பனியின் கையிலும் இருந்தது.

அந்தப் பெயரும் 1801 இலே போயிற்று. அவ்வாண்டு யூன் 16 ஆந் திகதி, மருது சகோதரரின் அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கத்து மதிலிலும் ஒட்டப்பட்டது. சாதி, சமய வேறுபாடின்றி நாவலந்தீவின் மக்கள் அனைவரையும் விளித்து, ஐரோப்பியருக்கு எதிராக எழுமாறு அழைத்தது அவ்வறிக்கை. நவாபின் அறியாமையால் நாடு பறிபோனது என்பதும் அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஏழு வாரங்கள் செல்லுமுன், யூலை 31 ஆந் திகதி, புதிய நவாப் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் மூலம் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கொம்பனிக்கு மாறியது. கோட்டையும் அதனுள் அடக்கம். ஒக்டோபரிலே மருது சகோதரர் திருப்பத்தூரிலே தூக்கிலிடப்பட்டனர். ஒரே கோடையிலே ஒரே வாயிலின் பொருட்டு எழுதப்பட்ட இவ்விரு தாள்களுள், எமது பாடநூல்கள் உடன்படிக்கையை மட்டுமே குறிப்பிடுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. கொம்பனிக்குப்பின் வந்த அரசுக்கு அரண் தேவைப்படவில்லை. காற்றோட்டமும் அகலமான வீதிகளும் தேவைப்பட்டன. எஞ்சியது மெயின்கார்டு கேட் எனப்படும் ஒரு வாயில். அதனூடாக இன்று நடந்துசெல்வோர் துணிக்கடைகளின் விளம்பரங்களையே நிமிர்ந்து பார்க்கின்றனர். நாயக்கரின் கொலுமண்டபம் அரும்பொருட்காட்சிச்சாலையாயிற்று. புகையிரத நிலையம் ஒன்று கோட்டையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இன்னுமொரு பெயரும் எஞ்சியுள்ளது. மதிலும் அகழியும் இருந்த தடத்திலே செல்லும் வீதிகளை மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று வழங்குகின்றனர். புலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியிலே அகன்ற நிழற்சாலையைக் குறிக்கும் 'புலவார்' என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயிலாக இவ்வாறு திரிந்தது. அச்சொல்லின் மூலமோ கொத்தளத்தைக் குறித்த பழைய இடச்சுச் சொல். ஐரோப்பிய நகரங்களிலும் இடித்த கொத்தளத்தின்மீது சாலை போட்டபோது, கொத்தளத்தின் பெயரே சாலைக்கு வந்து சேர்ந்தது. மதிலைத் தேடி அவ்வீதியிலே நான் நடந்த காலை நேரத்திலே, காந்தி மார்க்கெட்டை நோக்கி மூட்டை லொறிகள் வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன.